பிறர் தெய்வம் நம் கையில்

சீனாவின் தென்கிழக்குக் கடலோரத்தில் சுவான்சௌ என்றொரு பெருநகரம் உண்டு. மார்க்கோ போலோ சைத்தூன் என்று எழுதிய துறைமுகம் அதுதான். அடுக்குமாடிகளும் ஆலைகளும் நெருக்கும் அந்த ஊருக்கு நடுவே, கி.பி. 686-இல் தொடங்கிய கையுவான் பௌத்தக் கோயில் இன்றும் வழிபாட்டோடு நிற்கிறது. வளாகத்தில் 13-ஆம் நூற்றாண்டுக் கற்கோபுரங்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 40 மீட்டருக்கு மேல் உயரம். இரண்டுக்கும் நடுவே ‘நூறு தூண் மண்டபம்’ என்று ஊரார் சொல்லும் பெரிய சந்நிதி. புத்தரை வணங்கிவிட்டு மண்டபத்தின் பின்பக்கம் சுற்றி வருகிறவர்கள் அங்கே பட்டை தீட்டிய இரண்டு கல்தூண்களைப் பார்க்கலாம். அவற்றில் நரசிம்மர் இரணியன் வயிற்றைக் கிழிக்கிறார். முதலையிடம் சிக்கிய யானைக்குத் திருமால் அருள்கிறார். கண்ணன் இரட்டை மருத மரங்களைச் சாய்க்கிறான்.

அந்தத் தூண்கள் அந்தக் கோயிலுக்கென்று செய்தவை அல்ல. அந்த ஊரில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய சிவன் கோயில் ஒன்று இருந்தது. 1281 சித்திரை மாதம், சம்பந்தப் பெருமாள் என்பவர் குப்லாய் கானின் உடல்நலத்துக்காக அங்கே திருக்கதலீச்சுரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்று சொல்லும் தமிழ்க் கல்வெட்டு 1956-இல் கிடைத்தது. அடுத்த நூற்றாண்டில் அந்த நகரத்தில் பெருங்கலகம் மூண்டது. அயல்நாட்டு வணிகர்கள் சிதறினார்கள். சிவன் கோயில் அழிந்து கற்கள் ஊரெங்கும் கலைந்தன. பின்னால் மிங் அரசர் காலத்தில் கையுவான் மண்டபத்தைப் புதுப்பித்தவர்கள் இந்தத் தூண்களை எடுத்துவந்து நிறுத்தினார்கள். உருவங்களை உளியால் தட்டி வழித்துவிட்டு வெறும் தூணாக ஆக்கியிருக்கலாம். அது அரைநாள் வேலை. அவர்கள் அதைச் செய்யவில்லை. இன்னொரு நாட்டாரின், இன்னொரு சமயத்தாரின் கடவுளர் தங்கள் புத்தர் சந்நிதியின் முதுகுப்புறம் நிற்க இடம் கொடுத்தார்கள்.

படங்களில் மட்டுமே பார்த்த அந்தத் தூண்கள் நெடுநாளாக என்னை விடாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. நாம் நம்பாத, நமக்கு யாரும் சொல்லித்தராத, ஆனால் வேறு யாரோ உயிராக மதித்த ஒன்று நம் கைக்கு வந்து சேர்ந்தால் அதை நாம் எப்படி வைத்துக்கொள்வது?

அரியலூர்க்காரனான எனக்கு இது தொலைதூரக் கேள்வி அல்ல. சுவான்சௌவில் நடந்ததன் மறுபாதி எங்கள் மண்ணில் நடந்திருக்கிறது. அங்கே பௌத்தர்கள் கையில் தமிழ் வணிகரின் கோயில் கற்கள். இங்கே சைவ, வைணவ ஊர்களின் கையில் பௌத்தரின் சிலைகள். விக்கிரமங்கலத்தில் புத்தரும் சமணத் தீர்த்தங்கரரும் இருக்கிறார்கள். பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் பக்கம் போனால், சேலம் மாவட்டத் தலைவாசலுக்கு அருகே தியாகனூரில் ஆளுயரத்துக்கும் பெரிய கருங்கல் புத்தர்கள். காவிரிக் கரை நெடுகிலும் வயல்வரப்பிலும் குளக்கரையிலும் ஆலமரத்தடியிலும் கண்மூடி அமர்ந்தவர்கள் இன்னும் பலர். விகாரைகளைச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டினார்கள். அவை கரைந்து மண்ணோடு மண்ணாகிவிட்டன. கருங்கல்லில் செய்த புத்தர் மட்டும் நகர்த்த முடியாத கனத்தோடு அங்கேயே இருந்துவிட்டார்.

யார் இவர்களை இங்கே வைத்தார்கள்? பதில் தேடினால் கங்கைகொண்ட சோழபுரத்துக்கே வந்து சேர்கிறோம். கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டரில் மாளிகைமேடு. இராசேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம் அது. தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது செங்கல் சுவர்களோடும் கூரை ஓடுகளோடும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. அந்த அரண்மனைக்கும் சீனத்துக்கும் இடையே கப்பல் போய்வந்திருக்கிறது. 1015-லும் 1033-லும் 1077-லும் சோழத் தூதர்கள் சீன அரசவைக்குப் போனதைச் சீனரே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கடல்வழியின் நடுவில் இருந்தது ஸ்ரீவிசயம். அதன் அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையைக் கட்டினான். முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்த விகாரைக்கு விட்டுக்கொடுத்தான். தஞ்சையில் பெருவுடையாருக்குக் கோயில் எழுப்பிக்கொண்டிருந்த அதே அரசன், அதே ஆண்டுகளில். தந்தை கொடுத்த கொடையைச் செப்பேட்டில் வெட்டுவித்து நிலைநிறுத்தியவன் மகன் இராசேந்திரன்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிற இடம் ஒன்று உண்டு. இதே இராசேந்திரன் 1025-இல் ஸ்ரீவிசயத்தின் மீது கப்பற்படை அனுப்பி அதன் துறைமுகங்களைத் தாக்கினான். விகாரையைக் கட்டிய அரச குலத்தோடே போர். ஆனால் விகாரை அதோடு முடிந்துபோகவில்லை. 1090-இல் முதலாம் குலோத்துங்கன் அந்த விகாரைக்குரிய உரிமைகளை உறுதிசெய்து இன்னொரு செப்பேடு கொடுக்கிறான். வணிகக் கணக்கும் அரசியல் கணக்கும் அதில் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் அரசர்களுக்குள் மூண்ட சண்டையின் பழியைக் கண்மூடி அமர்ந்திருந்த புத்தர் மேல் இறக்காத ஒரு நிதானம் அங்கே இருந்திருக்கிறது. பகையாளியின் கோயில் நம் ஊரில் இருந்தால், அது நம் பொறுப்பில் இருக்கும் கோயில் என்று நினைக்கிற மனம் அது. அந்த மனம் எவ்வளவு அரிது என்பதை நம் காலத்துச் செய்தித்தாளை ஒரு வாரம் படித்தாலே தெரிந்துகொள்ளலாம்.

அந்த மனம் தொடர்ந்து இருந்துவிடவில்லை என்பதும் நம் கதைதான். நாகப்பட்டினத்துக் கடலோரத்தில் சீனக் கோபுரம் என்று மாலுமிகள் அடையாளம் சொன்ன பழைய செங்கல் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டு வரை மூன்று நிலையோடு நின்றது. 1867-இல் அரசு அனுமதி கொடுத்தது, இடித்துவிட்டார்கள். அந்த ஊர் மண்ணிலிருந்து 1856 தொடங்கிக் கிடைத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பலவற்றை இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கோபுரம் நின்ற இடத்தில் கோபுரம் இல்லை.

அயல் சமயத்தின் பொருள் என்பதால்தான் இப்படி நடந்தது என்று சொல்லிவிட முடியாது. கங்கைகொண்ட சோழபுரத்துப் பெரிய கோயிலின் மதிலையும் முன்கோபுரத்தையும் பெயர்த்தெடுத்த கற்கள் 1836-இல் கொள்ளிடத்தின் கீழணைக்குப் போயின. அணை இன்றும் வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. அந்தப் பயனைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் வழிபாடு மங்கி, கேட்க ஆளில்லாமல், காடு மண்டிக் கிடந்ததால்தான் ஒரு பேரரசின் மதில் கற்குவியலாகத் தெரிந்தது. தனக்கென்று பேச ஒருவரும் இல்லாத பொருளை எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிடுவது மனித இயல்பு. எந்தச் சமயத்தாருக்கும் அது பொது.

ஆகவே தப்பிப் பிழைத்தவற்றை யார் காப்பாற்றினார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மயிலை சீனி. வேங்கடசாமி ‘பௌத்தமும் தமிழும்’ என்ற நூலை எழுதி வெளியிட்டது 1940-இல். சோழ நாடெங்கும் ஊர் ஊராக அலைந்து புத்தர் சிலைகளைத் தேடிப் பதிவு செய்த முனைவர் பா. ஜம்புலிங்கம் போன்றவர்களின் உழைப்பு அதற்கும் பின்னால். இவர்கள் வருவதற்கு முன் ஆறேழு நூற்றாண்டுகள் ஓடியிருக்கின்றன. அத்தனை காலமும் அந்தச் சிலைகளை வைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர் யாரென்று அறியாத ஊர்மக்கள். முனி என்றார்கள், ரிஷி என்றார்கள், சில ஊர்களில் செட்டியார் என்றார்கள். எண்ணெய் தேய்த்தார்கள், வேட்டி கட்டினார்கள், பொங்கல் வைத்தார்கள். மழை பொய்த்தால் அவரிடம் முறையிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர் காலடி மண்ணை எடுத்துப் பூசினார்கள்.

சுவான்சௌ பக்கத்திலும் இதற்கு ஈடான ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கிராமத்துச் சிறுகோயிலில் நான்கு கைகளோடு, காலடியில் அசுரனோடு அமர்ந்த தேவி சிலை ஒன்று இருக்கிறது. தமிழ் வணிகர் காலத்தது. ஊரார் அவளைக் கருணைத் தெய்வமான குவான்யின் என்று கும்பிட்டு ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அவர்கள் ஊர்க் கிழவியும் எங்கள் ஊர்க் கிழவியும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். செய்த காரியம் ஒன்றுதான். அயலாரின் தெய்வம் ஆளின்றி நின்றபோது, தங்களுக்குத் தெரிந்த பெயரால் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

இது எப்படிப்பட்ட மனநிலை என்பதை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். நாங்கள் வாங்கிக் குடிபுகுந்த பழைய ஓட்டு வீட்டின் கொல்லையில், வேம்படியில், முன்பு இருந்தவர்களின் சாமிக்கல் ஒன்று இருந்தது. அவர்கள் வேறு சாதி, வேறு குலதெய்வம். அது என்ன சாமி என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை எங்கள் விளக்கு ஏற்றி முடித்ததும் அதற்கும் ஓர் அகல் வைப்பார். அந்தக் குடும்பத்தார் ஆண்டுக்கு ஒருமுறை வருவார்கள். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு அம்மா அடுக்களைக்குள் போய்விடுவார். அவர்கள் படைத்து, கும்பிட்டு, எங்களுக்கும் ஒரு வாழையிலையில் பிரசாதம் வைத்துவிட்டுப் போவார்கள். அம்மா அந்தக் கல்லை எங்கள் சாமி என்று ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டோடு வந்த பொறுப்பு என்று மட்டும் நினைத்தார். நம்பிக்கை இல்லாமலே மரியாதை இருக்க முடியும் என்று எனக்குத் தெரிந்தது அந்தக் கொல்லையில்தான்.

தியாகனூருக்கு நான் போனது இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான். வயலில் இருந்த புத்தருக்கு இன்று தியான மண்டபம் இருக்கிறது. வெளியே கரும்பும் மக்காச்சோளமுமாகக் கொங்குச் சாயல் தொடங்குகிற வெளி. உள்ளே குளிர்ந்த தரை, கறுத்த கல், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள். ஊரார் இவரைப் புத்தர் என்று அறிந்தே வணங்குகிறார்கள். மாலை போடுகிறார்கள், விளக்கேற்றுகிறார்கள். பௌத்த நூல்களைப் படித்த ஒருவர் இதைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடும். கருங்கல்லுக்கு எண்ணெய்க் காப்பா என்று கேட்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் ஊர் தனக்குத் தெரிந்த அன்பின் மொழியில்தான் பேச முடியும்.

எனக்கு வந்த சங்கடம் வேறு. நான் புத்தரை வழிபடுகிறவன் அல்ல. அந்தத் தரையில் நின்றபோது கைகளை என்ன செய்வது? கூப்பினால் பொய்யாகுமா? கட்டிக்கொண்டு நின்றால் கண்காட்சி பார்க்க வந்தவன் ஆகிவிடுவேனா? செருப்பைக் கழற்றியது தன்னால் நடந்துவிட்டது; அடுத்தது தன்னால் நடக்கவில்லை. சற்று நேரம் அமர்ந்திருந்தேன். இந்த உருவத்தைச் செதுக்கிய கைகளை நினைத்தேன். முதல் விளக்கை ஏற்றிய பிக்குகளை நினைத்தேன். அவர்கள் போனபிறகு, யார் என்றே தெரியாமல் எண்ணெய் வார்த்த உழவர் வீட்டுப் பெண்களை நினைத்தேன். கைகள் கூடின. அந்த வணக்கத்தில் பொய் இல்லை. ஒரு கடவுளை நம்பி வணங்குவது ஒன்று. மனிதர்கள் நம்பி வணங்கிய இடத்தை வணங்குவது இன்னொன்று. இரண்டாவதற்கு எந்தச் சமயத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் இப்படி ஒரு சிலையைப் பார்க்கப் போயிருந்தபோது, அதைக் கழுவிக்கொண்டிருந்த மூதாட்டியோடு பேச்சுக் கொடுத்தேன்.

“ஆயா, இவரு புத்தருன்னு சொல்றாங்களே?”

“ஆமா தம்பி, காலேசுப் புள்ளைங்க வந்து சொன்னாங்க. சரின்னோம். எங்களுக்கு முனிதான். நீங்களும் அதான் சொல்ல வந்தீங்களா?”

“இல்லைங்க ஆயா, பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

“பாருங்க, நல்லாப் பாருங்க. பொங்க வெக்கக் கூடாதுன்னு மட்டும் யாரும் வந்து சொல்லிடாதீங்க.”

அவர் பயந்தது வீணான பயம் இல்லை. சேலம் நகரில், பெரியேரிக் கோட்டைச் சாலையில், தலைவெட்டி முனியப்பன் என்று தலைமுறைகளாக மக்கள் வணங்கிய சிலை இருக்கிறது. அது புத்தர் என்று சொல்லித் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையை ஆராயச் சொன்னது. தாமரைப் பீடம், தியான நிலையில் கைகள், சுருண்ட முடி, நீண்ட காதுகள். துண்டான தலையைப் பிற்காலத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அது புத்தரே என்று அறிக்கை வந்தது. 2022-இல் நீதிமன்றம் அந்த இடத்தைத் தொல்லியல் துறை பொறுப்பேற்க வேண்டும், புத்தர் என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், வந்து பார்க்கத் தடையில்லை, ஆனால் முனியப்பனாகக் கருதிச் செய்யும் பூசைகள் கூடாது என்று உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்பை நான் நீண்டநாள் மனதில் புரட்டிப் பார்த்திருக்கிறேன். உண்மை தெரிந்தபிறகு அதை மூடி வைப்பது நேர்மை ஆகாது. உயிர்க்கொலை வேண்டாம் என்று சொன்னவரின் உருவத்தின் முன், முனிக்கு வழக்கம் என்று யாராவது கிடா வெட்டினால் அது அவருக்கு இழைக்கும் அவமதிப்பு. பெயர் தெரியாத வரையில் அறியாமை என்று விடலாம், தெரிந்தபிறகு அப்படி விட முடியாது. இந்த மண்ணிலிருந்து ஒரு சமயமே துடைபட்டுப் போனது. அதன் எஞ்சிய சாட்சிகள் தங்கள் சொந்தப் பெயரைத் திரும்பப் பெறுவது நியாயம். பௌத்தத்தை இன்று தங்கள் விடுதலையின் வழியாக ஏற்றிருக்கும் மக்களுக்கு அந்தப் பெயர் வெறும் வரலாற்றுச் செய்தி அல்ல. தங்கள் முன்னோரின் முகவரி.

அதே சமயம், அத்தனை தலைமுறை அவரைக் கைவிடாத குடும்பங்கள் ஒரு காலையில் தங்கள் சாமி தங்களுடையது அல்ல என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பியதையும் என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் சிலையைத் திருடவில்லை. அவர்கள் எண்ணெய் வார்த்திராவிட்டால் நீதிமன்றத்தில் வழக்காட ஒரு சிலை மிஞ்சியிருக்குமா? படித்தவர்களாகிய நாம் பெயரைக் கண்டுபிடித்ததும் காத்தவர்களை வெளியேற்றிவிடுகிறோம். அறிவு வந்த கையோடு நன்றி போய்விடுகிறது. எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது.

என் முடிவு இதுதான். கைக்கு வந்த பிறர் பொருளுக்கு நாம் இரண்டு கடன்கள் பட்டிருக்கிறோம். ஒன்று, அதை அழியாமல் காப்பது. மற்றது, அது யாருடையது என்ற உண்மையைச் சொல்வது. முதல் கடனை எங்கள் ஊர்ப் பெண்கள் அடைத்துவிட்டார்கள். இரண்டாவதை அடைக்க வேண்டியவர்கள் எழுத்தறிந்த நாம். அடைக்கும்போது முதல் கடனை அடைத்தவர்களின் கையைத் தட்டிவிடக் கூடாது. சிலைக்கு அருகே ஒரு பலகை வைப்போம். அதில் புத்தர் என்று எழுதுவோம், எந்த நூற்றாண்டு என்று எழுதுவோம், அதற்குக் கீழே, இத்தனை காலம் இவரை முனி என்று அழைத்து இந்த ஊர் காத்தது என்றும் எழுதுவோம். அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து ஆனைமங்கலக் கொடையின் கதையையும் சுவான்சௌ தூண்களின் கதையையும் சொல்வோம். கிடா மட்டும் வேண்டாம் என்று ஊர் கூடிப் பேசினால் ஊர் கேட்கும். அகலும் பூவும் பொங்கலும் இருந்துவிட்டுப் போகட்டும். புத்தரை வணங்க வருகிறவர்களுக்கு ஊரே வழிகாட்டட்டும். சட்டத்தால் சாதிப்பதைவிட இது மெதுவான வழி. ஆனால் இந்த வழியில் யாரும் தங்கள் சாமியை இழந்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதில்லை.

சிலைகளோடு இது முடிவதுமில்லை. ஊரைவிட்டுப் போனவர்களின் கல்லறைகள், பேச ஆள் குறைந்த மொழிகள், நம் தெருவில் ஒரே ஒரு வீடாக எஞ்சிய சமயத்தாரின் திருநாள், வாடகைக்கு விட்டுப் போனவரின் பூசைப் படம் என்று பிறர் பொருள் ஏதாவது ஒன்று எப்போதும் நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. நம் பொருள்களும் எங்கோ பிறர் கையில் இருக்கின்றன. கையுவான் கோயிலைக் காத்துவந்த பிக்குகள் நம்மை எதுவும் கேட்காமல், நம் நன்றியை எதிர்பாராமல், நம் கண்ணனை நான்கு நூற்றாண்டு நிற்க வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததைப் போற்றிப் பேச நமக்கு உரிமை வேண்டுமானால், நம் வயல்களில் அமர்ந்திருப்பவருக்கு நாம் அதையே செய்தாக வேண்டும்.